சங்கிலியைக் கொஞ்சம் தாராளமாக விடுங்கள்

கடல் குமட்டலுக்கு மாத்திரை இருக்கிறது. நாற்பது வருஷத்துச் சிநேகிதிகளோடு ஒரே படகில் ஒரு வாரம் அடைந்து கிடப்பதற்கு மாத்திரை கிடையாது. ஓய்வு பெற்றவர்கள் கூட்டம் கூட்டமாகச் சுற்றுலா கிளம்பும் காலம் இது. காசிக்குச் சேர்ந்து போய், தனித்தனி ரயிலில் திரும்பி வந்தவர்களை எனக்குத் தெரியும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் நான்கு பேர், நால்வரும் பள்ளிக்கூடத்து ஆசிரியைகளாக இருந்தவர்கள். இருவருக்குக் கணவர் இல்லை. மற்ற இருவரின் கணவர்கள், “கடலா? நீங்களே போய்வாருங்கள்” என்று கும்பிடு போட்டுவிட்டார்கள். போன இடம் சீஷெல்ஸ். செலவு அதிகம்தான்; ஆளுக்கொரு வளையல் வாங்கியதாக மனசைத் தேற்றிக்கொண்டோம்.

இந்தியப் பெருங்கடலில், பூமத்திய ரேகைக்குச் சற்றுத் தெற்கே சிதறிக் கிடக்கும் நூற்றுக்கும் மேற்பட்ட தீவுகள். வெளிப்புறத் தீவுகள் பவளத்தால் ஆனவை, தட்டையானவை. உள்புறத் தீவுகளோ பெரும்பாலும் கருங்கல் மலைகள். யானைகள் படுத்திருப்பதுபோல் பாறைகள் கரையோரம் குவிந்திருக்கும். மே முதல் அக்டோபர் வரை தென்கிழக்குக் காற்று விடாமல் அடிக்கும். நாங்கள் போனது ஆகஸ்டில். மாஹே தீவிலிருந்து பிராலின் தீவுக்குச் சுமார் நாற்பத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். காற்று பக்கவாட்டில் வருவதால் பாய் நன்றாகப் பிடிக்கும். அதே காரணத்தால் அலையும் பக்கவாட்டில் வந்து வயிற்றைப் புரட்டும். அந்தப் பாதி நாளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். எங்களில் மூத்தவளான பெரியக்கா மட்டும் எலுமிச்சையை முகர்ந்துகொண்டு ராணிபோல் உட்கார்ந்திருந்தாள்.

படகு இரட்டை உடல் கொண்ட பாய்மரப் படகு, கட்டமரான். நான்கு அறைகள், ஆளுக்கு ஒன்று. ஓட்டிய கிரியோல் பையன் முன்மூக்கில் ஒரு பொந்துக்குள் இறங்கித் தூங்குவான். நல்ல தண்ணீர் தொட்டியில் இருப்பதுதான். கடலில் குளித்துவிட்டு, பின்படியில் உட்கார்ந்து, கைக்குழாயில் ஒரு நிமிஷம் நல்ல தண்ணீர் விட்டுக்கொண்டால் குளியல் முடிந்தது. சுவர் மெல்லிசு. யார் எத்தனை மணிக்கு எழுந்தார்கள், யார் எந்தப் பக்கம் புரண்டார்கள் என்பதெல்லாம் பொதுச் செய்தி.

சண்டை வருவதற்கு இது போதாதா? அடுப்படியை ஒருத்தி எடுத்துக்கொண்டாள். நல்ல சமையல்காரிதான், ஆனால் மற்றவர் கரண்டியைத் தொட்டால் முகம் மாறும். இன்னொருத்திக்கு எல்லோரும் எப்போதும் கூடவே இருக்க வேண்டும். நீ ஏன் தனியாக முன்னால் போய் உட்கார்ந்தாய், உனக்கு என்ன கோபம் என்பாள். கோபமே இல்லாதவளுக்கும் நாலாவது முறை கேட்கும்போது கோபம் வந்துவிடும். ஊரில் கல்யாணத்திலும் கோயிலிலும் இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம் என்று பார்த்துக்கொண்ட சிநேகம். இருபத்துநாலு மணி நேரம் வைத்துப் பார்த்ததில்லை.

பிராலினின் வடமேற்கு முனையில் ஆன்ஸ் லாசியோ என்று ஒரு கடற்கரை. தென்கிழக்குக் காற்றுக்கு மலை மறைப்பு. அங்கே நங்கூரம் பாய்ச்சும்போது அந்தப் பையன் செய்ததைக் கவனித்தேன். அடியில் மணலா, பவளமா என்று தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே தேடினான்; வெளிர் பச்சையாக இருந்தால் மணல், கறுப்பாகத் திட்டு தெரிந்தால் பாறையோ பாசியோ. மணல் கிடைத்ததும் நங்கூரத்தை இறக்கிச் சங்கிலியை விட்டுக்கொண்டே இருந்தான். ஆழம் ஐந்து மீட்டர்தான். இருபத்தைந்து மீட்டர் சங்கிலி போயிற்று.

“தம்பி, இவ்வளவு எதற்கு?” என்று பெரியக்கா தமிழிலேயே கேட்டாள். அவனும் கேள்வியைப் புரிந்துகொண்டவன்போல் கையால் காட்டினான். சங்கிலி குட்டையாக இருந்தால் படகு அலையில் எழும்பும்போது நங்கூரத்தை மேல்நோக்கி இழுக்கும். மணலிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். நீளமாக விட்டால் சங்கிலியின் கனம் தரையோடு கிடக்கும். படகு இழுத்தாலும் இழுப்பு படுக்கைவாட்டில்தான் போகும், நங்கூரம் இன்னும் உள்ளே இறங்கும். பிறகு கண்ணாடி மாட்டிக்கொண்டு குதித்து, நங்கூரம் புதைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்துதான் சாப்பிட்டான்.

சாயங்காலம் இன்னொரு படகு எங்களுக்கு மிக அருகில் வந்து நங்கூரம் போட்டது. பார்க்க நிறைய இடம் இருப்பதுபோல்தான் தெரிந்தது. பையன் ரப்பர் படகில் போய், சிரித்துப் பேசி, அவர்களைத் தள்ளிப் போகச் சொல்லிவிட்டு வந்தான். ராத்திரி காற்று திசை மாறினால் எல்லாப் படகும் தன் சங்கிலியில் வட்டமாகச் சுழலும். இரண்டு வட்டங்கள் வெட்டிக்கொண்டால் மோதல். பகையால் அல்ல, நெருக்கத்தால்.

அன்றிரவு சாப்பாட்டுக்குப் பின் பெரியக்கா ஒரு ஏற்பாடு சொன்னாள். காலை காபி வரை யாரும் யாரோடும் பேச வேண்டாம். ஒரு வேளைச் சமையல் ஒருவருக்கு. மற்றவர் அடுப்பங்கரைப் பக்கமே எட்டிப் பார்க்கக் கூடாது. கரையிறங்கினால் அவரவர் வழி, படகுக்குத் திரும்பும் நேரம் மட்டும் பொது. கூடவே இருக்க வேண்டுமென்றவள் முகம் வாடியது. ஆனால் மறுநாள் லா டீக் தீவில் சைக்கிளை வாடகைக்கு எடுத்துக்கொண்டு தனியாகப் போனவள் அவள்தான்! மோட்டார் வண்டி அதிகம் இல்லாத தீவு அது. சாயங்காலம் அவளிடம் சொல்வதற்கு அத்தனை கதை இருந்தது. ஒன்றாகவே சுற்றியிருந்தால் ஒருவருக்கொருவர் சொல்ல என்ன மிஞ்சியிருக்கும்?

கசின் என்ற குட்டித் தீவைப் பற்றியும் சொல்ல வேண்டும். எலி ஏதும் ஏறி வந்துவிடக் கூடாது என்று நம் படகைக் கரையில் ஒதுங்க விடுவதில்லை. தீவின் காவலர்களே தங்கள் படகில் வந்து ஏற்றிப் போகிறார்கள். முன்பு அது முழுக்கத் தென்னந்தோப்பு. சீஷெல்ஸ் வார்ப்ளர் என்னும் சிறு பறவை உலகத்திலேயே அங்கே மட்டும், முப்பதுக்கும் குறைவாக மிஞ்சியிருந்தது. 1968ல் பறவைகளுக்காகவே அந்தத் தீவை வாங்கி, தென்னைகளைக் குறைத்து, பழைய காடு தானாக எழும்ப இடம் விட்டார்கள். இன்று அந்தப் பறவை பெருகி, மற்ற தீவுகளுக்கும் கொண்டுபோய் விடும் அளவுக்கு இருக்கிறது. தென்னையை வெட்டியதைக் கேட்டதும் சமையல்காரி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். நியாயம்தான், நம் ஊரில் தென்னையைப் பிள்ளை என்போம். ஆனால் பிள்ளையே ஆனாலும் வீட்டை முழுக்க அடைத்துக்கொண்டால் மற்றவர் எங்கே மூச்சு விடுவது?

கடைசி நாள் மாஹேயில், விக்டோரியா நகரத்து நவசக்தி விநாயகர் கோயிலுக்குப் போனோம். 1992ல் எழுந்த கோயில் அது. பிள்ளை, நாயுடு, செட்டி என்ற பெயர்கள் அங்கே கடைப் பலகைகளில் சாதாரணம். தலைமுறை தலைமுறையாகக் குடியிருப்பவர்கள். பிராகாரத்தில் உட்கார்ந்திருக்கும்போது பெரியக்கா, “அடுத்த முறை நான் வரமாட்டேன்டி, முழங்கால் ஒத்துழைக்காது” என்றாள். முந்தைய வருஷமாக இருந்தால் மூன்று பேரும் சூழ்ந்துகொண்டு, வராவிட்டால் நாங்களும் போகமாட்டோம் என்று அழுது மிரட்டியிருப்போம். யாரும் வற்புறுத்தவில்லை. அந்தமானா, லட்சத்தீவா என்று மூவரும் இப்போது பேசிக்கொண்டிருக்கிறோம்; பயணத் திட்டத்தைத் திருத்தும் வேலையை அவளிடம்தான் கொடுத்திருக்கிறோம். சிவப்பு மையில் திருத்தி அனுப்புகிறாள், இரக்கமே இல்லாமல்.