பசிபிக் கரையில் – 4: வெற்றிலைக்கு ஒரு சொந்தம்

பிஜியின் நாண்டி சந்தையில் காவா வேர்க்கட்டு வாங்கியதோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தேன். அரைக் கிலோ, செய்தித்தாளில் சுற்றிக் கட்டித் தந்தார்கள். காவா என்று நாம் படித்திருப்பதை பிஜியின் பூர்வகுடிகள் யாங்கோனா என்கிறார்கள். அங்குள்ள நம்மவர் வாயில் அது நகோனா.

அன்று சாயங்காலம் அந்தக் கட்டோடு ஒரு பெரியவர் வீட்டுக்குப் போனேன். வட ஆற்காட்டிலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு வந்த ஒருவரின் பேரன். எண்பதைத் தாண்டியவர். வீட்டில் பேச்செல்லாம் பிஜி இந்திதான். தமிழ் தட்டுத்தடுமாறி வருகிறது.

“மெட்ராஸ்ல எங்க தம்பி?”

“திருவொற்றியூர் தாத்தா.”

“ஹார்பர் பக்கமா?”

பத்து கிலோமீட்டர்கூட இருக்காது என்றேன். என் கையைப் பிடித்தவர் கொஞ்ச நேரம் விடவே இல்லை.

1903 முதல் 1916 வரை அந்தத் துறைமுகத்தில்தான் அவருடைய பாட்டனைப் போன்றவர்களைக் கப்பலேற்றினார்கள். கல்கத்தாவில் 1879-லேயே இது தொடங்கிவிட்டது. கைநாட்டு வைத்த ‘அக்ரிமெண்ட்’ அவர்கள் பேச்சில் ‘கிர்மிட்’ ஆயிற்று. பிஜிக்குக் கொண்டுபோகப்பட்ட இந்தியர் 60,000-க்கு மேல். அதில் ஏறத்தாழ கால்வாசிப் பேர் சென்னை வழியாகப் போனவர்கள். ராயபுரம் தாண்டிப் பேருந்தில் போகும்போதெல்லாம் துறைமுகத்து மதிற்சுவரைப் பார்த்து வளர்ந்தவன் நான். அதற்குள்ளிருந்து இத்தனை பேர் போன கதையை எனக்கு யாரும் சொன்னதில்லை. பாரதியார் பாட்டில் பிஜிப் பெண்களின் அழுகை உண்டு. அதைப் பாடியபோதுகூட அந்தக் கப்பல் எங்கள் கரையில் நின்றது என்று தோன்றியதில்லை.

வராந்தாவில் பாய் விரித்தார்கள். பக்கத்து வீட்டுப் பூர்வகுடிப் பெரியவரும் வந்து சேர்ந்தார். கட்டை அவர் முன்னால் வைத்தேன். அதைத் தொட்டு, தம் மொழியில் தாழ்ந்த குரலில் ஏதோ சொல்லிவிட்டுக் கைதட்டினார். செவுசெவு என்கிற இந்தச் சடங்கு முடிந்தால்தான் விருந்தாளி விருந்தாளி. கல்யாணப் பேச்சானாலும் பஞ்சாயத்தானாலும் நாம் முதலில் தாம்பூலத் தட்டை வைப்பதில்லையா, அதே முறைதான். செடியிலும் உறவு இருக்கிறது: மிளகு, வெற்றிலை, காவா மூன்றும் தாவர நூலில் ‘பைப்பர்’ என்ற ஒரே பேரினம். காவாவின் இலையும் வெற்றிலை போல இதய வடிவம்தான். நாம் இலையை மென்றோம், அவர்கள் வேரை இடித்துக் குடித்தார்கள்.

தானோவா என்ற கால்வைத்த மரப்பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, வேர்ப்பொடியைத் துணியில் கட்டிப் பிசைந்தார்கள். வண்டல் கலங்கிய ஏரித்தண்ணீர் போல நிறம். கொட்டாங்கச்சியில் மொண்டு முதலில் எனக்கு நீட்டினார்கள். ஒரு முறை கைதட்டி, “பூலா” என்று சொல்லி, ஒரே மூச்சில் குடிக்க வேண்டும். குடித்து முடித்ததும் மூன்று முறை கைதட்டல். ஈரமண் வாசனை, கசப்பு, கடைசியில் லேசான மிளகுக் காரம். கிராம்பை மென்றதுபோல நாக்கும் உதடும் மரத்துப்போயின.

நான்கு சுற்று குடித்தேன். காவாவில் சாராயச் சத்து கிடையாது, அது புளிக்கவைத்த பானமும் அல்ல. உடம்பு தளர்ந்தது, புத்தி தெளிவாகவே இருந்தது. எங்கள் பக்கத்துத் தெருமுனைகளில் குடி ஏற ஏறக் குரல் ஏறுவதையும், அதற்குப் பயந்து பெண்கள் கதவைச் சாத்துவதையும் பார்த்தவன் நான். இங்கே சுற்று ஏற ஏறக் குரல் இறங்கியது. பேரப்பிள்ளைகள் தாத்தாவின் மடியிலேயே தூங்கிப்போனார்கள்.

1987 ராணுவப் புரட்சியைப் பற்றிக் கேட்டேன். இந்தியர்கள் ஆயிரக்கணக்கில் நாட்டைவிட்டுப் போகத் தொடங்கிய காலம். தாத்தா அண்டைவீட்டுக்காரரைக் கையால் காட்டினார்.

“ஊரே பயந்து கெடந்துச்சு. இவரு தினம் சாயங்காலம் வந்து இங்கதான் உக்காந்தாரு. நகோனா குடிச்சோம். அதனாலதான் நான் போவல.”

இரண்டு மக்களையும் தள்ளித்தள்ளியே வைத்திருந்தது ஆங்கிலேய ஆட்சி. அவர்களை ஒரே பாயில் உட்காரவைத்தது இந்தக் கலங்கல் தண்ணீர் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பிஜிக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கல்லீரல் கோளாறு இருந்தால் குடிக்க வேண்டாம், மதுவோடு சேர்க்கவே வேண்டாம். மற்றவர்கள் அரைக் கிலோ வேர் வாங்கிக்கொண்டு போங்கள். நீட்டுகிற முதல் கொட்டாங்கச்சியை மறுக்காதீர்கள்.

(தொடரும்)