ஐந்து கிண்ணங்களின் காவலர்

உதைபந்தாட்டத்தில் முன்வரிசை வீரன் தவறவிடும் வாய்ப்பு விரைவில் மறக்கப்படும். பந்துக் காப்பாளனின் தவறோ கோல் கணக்கிற் பதிந்துவிடும். அக்கணக்கை மட்டும் கொண்டு நோக்கின், மெக்சிக்கோவின் அந்தோனியோ கர்பஹால் தோல்வியின் உருவமாகவே தோன்றுவார். 1950 முதல் 1966 வரை உலகக் கிண்ணத்தில் அவர் ஆடிய 11 ஆட்டங்களுள் எட்டு தோல்வியிலும் இரண்டு சமநிலையிலும் முடிந்தன, வெற்றி ஒன்றே. அவரைக் கடந்து வலைக்குள் சென்ற கோல்கள் 25.

எனினும் அவருடைய திறனை இக்கணக்கால் அளத்தல் பொருந்தாது. லெயோன் கழகத்தின் காப்பாளராக அவர் 1952, 1956ஆம் ஆண்டுகளில் மெக்சிக்கோவின் லீக் வாகையைப் பெற்றவர். நாட்டு அணியிலோ, தம் அணியினும் வலிய அணிகளின் தாக்குதலை ஏற்க நேர்ந்தது. 1950இல் மரக்கானா அரங்கில் பிரேசிலிடம் நான்கு கோல்களை வாங்கித் தொடங்கியவர், அடுத்த நான்கு கிண்ணங்களுக்கும் திரும்பி வந்தார். ஐந்து உலகக் கிண்ணங்களில் ஆடிய முதல் வீரர் அவரே.

1962 யூன் 7 அவருடைய 33ஆவது பிறந்தநாள். அன்று சிலியில், செக்கோசிலோவாக்கியா முதல் நிமிடத்திலேயே கோல் அடித்தது. அதன்பின் கர்பஹால் எதனையும் உள்ளே விடவில்லை. மெக்சிக்கோ 3–1 என வென்றது. உலகக் கிண்ணத்தில் அந்நாடு பெற்ற முதல் வெற்றி அது. தோற்ற அணியோ பின்னர் இறுதியாட்டம் வரை சென்றது.

1966இல் வெம்பிளியில் உருகுவேயை எதிர்த்து ஆடிய கடைசி உலகக் கிண்ண ஆட்டத்தில் அவர் ஒரு கோலும் விடவில்லை. 2023இல் மறைந்த அவருக்கு மக்கள் இட்ட பெயர் ‘ஐந்து கிண்ணங்கள்’. அவர் மீண்டு வந்து நின்ற தடவைகளையே அப்பெயர் எண்ணுகின்றது.