களத்து மேட்டில் டவர் எடுக்கும்

வண்டியிலேயே சமைத்து வண்டியிலேயே படுத்து ஊர் சுற்றுகிறவனுக்குத் தண்ணீர், கரண்ட், நெட் மூன்றும் வேண்டும். முதல் இரண்டையும் கூடவே தூக்கிக்கொண்டு போய்விடலாம். அடியில் ஒரு தொட்டி கட்டினால் தண்ணீர் ஆயிற்று. கூரைமேல் சோலார் தகடும் சீட்டுக்குக் கீழே பேட்டரியும் வைத்தால் கரண்டும் ஆயிற்று. நெட்டை மட்டும் நிரப்பிக்கொண்டு கிளம்ப முடியாது. போய்ச் சேர்கிற ஊர் கொடுத்தால்தான் உண்டு.

சினிமா பார்க்கிறவர்கள் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டு தப்பித்துவிடலாம். என் பிழைப்புக்கு அந்த வழி கிடையாது. பாடப்புத்தகங்களுக்குப் படம் வரைகிறேன். அச்சுக்குப் போகிற தரத்தில் ஒரு பக்கத்துப் படம் நூறு எம்பியைச் சாதாரணமாகத் தாண்டும். எனக்கு வந்து சேர்வதைவிட என்னிடமிருந்து போய்ச் சேர்வதுதான் சோறு போடுகிறது. மலையில் முதலில் படுத்துக்கொள்வதும் அதுதான்.

ஏற்காட்டுக்கு வருகிறவர்கள் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, ஏரி, லேடீஸ் சீட், பகோடா பாயின்ட், சேர்வராயன் கோயில் என்று ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். செம்மநத்தம் மாதிரியான மலைக் கிராமங்கள் அந்தச் சுற்றில் வருவதில்லை. காபித் தோட்டம், காபிக்கு நிழலாக சில்வர் ஓக், அதன்மேல் ஏறிப் படர்ந்த மிளகுக் கொடி, இடையிடையே பலா. அங்கே தெரிந்தவர் ஒருவரின் தோட்டத்தில், காபி காயவைக்கிற களத்தின் ஓரமாக வேனை நிறுத்திக்கொள்ள இடம் கிடைத்தது. பழம் பறிப்பு முடிந்து பூ மழையும் பெய்து ஓய்ந்த கோடைக்காலம் என்பதால் களம் காலியாகக் கிடந்தது.

வேன் நின்றதும் சின்னப் பையன்கள் கூடிவிட்டார்கள். "என்ன படம்ண்ணா? யாரு நடிக்கறாங்க?" தமிழ்நாட்டில் படுக்கையும் கழிப்பறையும் வைத்த வண்டி என்றால் உள்ளே ஒரு நடிகர் இருந்தாக வேண்டும். கேரளம் 2021-லேயே கேரவன் சுற்றுலாவுக்கென்று ஒரு கொள்கையை அறிவித்துவிட்டது. நம் பக்கம் இப்படி வந்து நிற்கிறவனைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். கதவைத் திறந்து உள்ளே இருக்கிற ஒற்றை அடுப்பையும் கழுவாத குக்கரையும் காட்டிவிட்டால் சந்தேகம் தீர்ந்துவிடும். ஏமாற்றம்தான் தீராது.

வேனுக்குள் உட்கார்ந்தால் போனில் ஒரு கோடு. இறங்கி நின்றால் இரண்டு. சுற்றிலும் இரும்புத் தகடு அடித்த கூண்டுக்குள் அலை எப்படி நுழையும்? ஆனால் இந்தக் கோடுகளை நம்பி எந்த முடிவும் எடுக்கக் கூடாது. எவ்வளவு பலத்துக்கு எத்தனை கோடு காட்டுவது என்பதைப் போன் செய்கிறவர்கள் அவரவர் விருப்பப்படி வைத்திருக்கிறார்கள். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் அமைப்புகளுக்குள் போய் சிம் நிலவரத்தைத் திறந்தால் உண்மையான எண் இருக்கும். டிபிஎம் என்ற அளவு, எப்போதும் மைனஸில். மைனஸ் 85 என்றால் சுகவாசம். 105 என்றால் காலம் தள்ளலாம். 115-ஐத் தாண்டினால் வாட்ஸப் செய்திகூட மூச்சு வாங்கும். மூன்று எண் இறங்கினால் பலம் பாதியாகிவிடும் கணக்கு இது. வேன் கதவருகில் 118, களத்தின் மேற்கு மூலையில் 104 என்றால் பதினாலுதானே வித்தியாசம் என்று தோன்றும். அலையின் பலத்தில் அது இருபத்தைந்து மடங்கு. களத்தைக் குறுக்கே நடந்து கடந்ததற்கு அத்தனை கூலி.

மலையில் இதெல்லாம் அடிக்கு அடி மாறும். சமவெளியில் கோபுரத்திலிருந்து தள்ளிப் போகப் போக அலை கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். இங்கே ஒரு மடிப்பைத் தாண்டினால் வெட்டினாற்போல் நின்றுபோகும். 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் அலைகள் நீளமானவை. மேட்டைச் சுற்றிக்கொண்டு, மரங்களை ஊடுருவி ஓரளவு வந்து சேரும். 2300 மெகாஹெர்ட்ஸில் வேகம் நிறைய, ஆனால் நேர்ப்பார்வை வேண்டும். நகரத்து 5ஜி ஓடுகிற 3300 மெகாஹெர்ட்ஸுக்கு ஒரு சில்வர் ஓக் வரிசையே போதும், திரும்பிப் போய்விடும். ஆகவே 'எந்த கம்பெனி நல்லது?' என்று கேட்பதில் அர்த்தமில்லை. இந்தச் சரிவுக்குள் எந்தக் கம்பெனியின் எந்த அலை நுழைகிறது என்பதுதான் விஷயம். அதை எந்த நிறுவனத்தின் வரைபடமும் சொல்லாது. அந்த வரைபடங்களில் மலை முழுவதும் ஒரே நிறம்தான் பூசியிருக்கும்.

சரி, பள்ளத்தில்தானே சிக்கல், உச்சிக்குப் போய்விட்டால்? யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரம். மலையின் விளிம்புக்குப் போய் நின்றால் கீழே சேலம் முழுவதும் விரிந்து கிடக்கும். போனில் கோடுகள் நிரம்பி வழியும். ஒரு படத்தை அனுப்பிப் பாருங்கள், நகராது. சமவெளிக் கோபுரங்களின் ஆன்டெனாக்களைத் தரையைப் பார்க்கக் கீழ்நோக்கிச் சாய்த்துதான் வைத்திருப்பார்கள். மேலே நிற்கிறவனுக்கு அவற்றின் சிதறல்தான் கிடைக்கிறது. அதுவும் ஒன்றிரண்டு கோபுரங்களின் சிதறல் அல்ல, எதிரே தெரிகிற அத்தனையின் சிதறலும் சேர்ந்து இரைச்சலாகி, எதைப் பிடிப்பது என்று போன் தாவிக்கொண்டே இருக்கிறது. இன்னொன்று: கோபுரம் பல பத்து வாட்டில் பேசும், போனால் பொதுவாக 0.2 வாட்டில்தான் பதில் சொல்ல முடியும். அது சொல்வது நமக்குக் கேட்கிறது, நாம் சொல்வது அதற்குக் கேட்கவில்லை. அதனால்தான் காட்சிமுனையில் வீடியோ ஓடும், நாம் எடுத்த படம் போகாது.

பனிமூட்டத்தைக் குற்றம் சொல்வது மலைக்கு வந்தவர்களின் வழக்கம். "மிஸ்ட் இறங்கிடுச்சு, அதான் நெட் போச்சு" என்பார்கள். கைபேசி அலைகளைப் பனிமூட்டம் ஒன்றும் செய்வதில்லை. மழையில் நனைந்த இலைகள் கொஞ்சம் குடிக்கும். பெரிய காரணம் கரண்ட். ஊருக்கு வருகிற கரண்ட்தான் கோபுரத்துக்கும் வருகிறது; காற்றடித்துக் கிளை முறிந்து கம்பியில் விழுந்தால் இரண்டுக்கும் சேர்ந்தே நின்றுபோகும். பிறகு பேட்டரி தாங்குகிற வரைக்கும் ஓடும், அப்புறம் ஜெனரேட்டருக்கு டீசல் இருந்தால் உண்டு. இதனால் இன்னொரு சங்கடமும் உண்டு. பாதுகாப்புக்கு என்று இரண்டு நிறுவனங்களின் சிம் வைத்துக்கொள்வோம். வெளியூர் போகிற எல்லாருக்கும் எல்லாரும் சொல்லும் யோசனை இது. ஆனால் இரண்டு நிறுவனங்களின் கருவியும் ஒரே வாடகைக் கோபுரத்தில் தொங்கிக்கொண்டிருக்கலாம். ஒரே மின்இணைப்பு, ஒரே ஜெனரேட்டர். போகும்போது கைகோத்துக்கொண்டு போய்விடும். கோபுரம் வேறாக இருக்கிறதா என்று பார்த்து இரண்டாவது சிம்மை வாங்குவதே புத்திசாலித்தனம்.

கருவிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், கேட்கிறவர்கள் அதிகம் என்பதால். சிம் போடுகிற ரவுட்டர் ஒன்று, வெளியே கம்பத்தில் கட்டுகிற திசை ஆன்டெனா ஒன்று. இவை இரண்டும் பிரயோசனமானவை. கேபிளைக் குட்டையாக வைத்துக்கொள்ள வேண்டும், நீளக் கேபிள் வாங்கியதையெல்லாம் வழியிலேயே தின்றுவிடும். அமெரிக்காவில் இப்படி வண்டியில் திரிகிறவர்கள் சிக்னல் பூஸ்டர் மாட்டுகிறார்கள். அங்கே விதிக்கு உட்பட்டவை கடையிலேயே கிடைக்கும். இங்கே அனுமதியில்லாமல் அதை வைப்பது குற்றம். நியாயமான தடைதான். தரமில்லாத பூஸ்டர் ஒன்று கத்த ஆரம்பித்தால் சுற்றியிருக்கிற தோட்டக் குடியிருப்பு முழுவதற்கும் லைன் கெட்டுவிடும். வெளிநாட்டுச் சாட்டிலைட் போனைப் பையில் வைத்துக்கொண்டு வருவதும் ஆபத்து, விமான நிலையத்திலேயே பிடித்துவிடுவார்கள். ஸ்டார்லிங்குக்கு 2025 ஜூனில் தொலைத்தொடர்புத் துறை உரிமம் கொடுத்தது. உரிமத்துக்குப் பின்னால் அலைக்கற்றை, பாதுகாப்புச் சோதனை என்று நீண்ட வரிசை. சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் ஓடுகிற அந்தச் செயற்கைக்கோள்களைப் பார்க்கத் தட்டுக்குத் திறந்த வானம் வேண்டும். நிழலுக்காகவே மரம் வளர்க்கிற காபித் தோட்டத்தில் அது எங்கே கிடைக்கும்?

களத்து மேற்கு மூலையை எனக்குக் காட்டியது எந்தக் கருவியும் அல்ல. பையன்கள் கலைந்த பிறகு, ரவுட்டரைக் கம்பத்தில் கட்டி நான் வட்டம் சுற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்த ஒரு அக்கா, "அங்க என்ன சார் பண்றீங்க? அந்த மூல மேட்டுக்குப் போங்க, டவர் எடுக்கும். ஒசக்க பாறைக்குப் போனா எடுக்காது" என்றார். உயரத்தில் எடுக்காது என்பதை எனக்கு விளக்கப் புத்தகம் வேண்டியிருந்தது. அவருக்குப் பழக்கம்.

நூறு நாள் வேலையில் பணித்தளப் பொறுப்பாளராக இருந்தார் அவர். 2023 ஜனவரியிலிருந்து அந்த வேலைக்கு வருகைப் பதிவு செயலி வழியாக என்று கட்டாயமாக்கிவிட்டார்கள். காலையில் ஒரு படம், மதியத்துக்கு மேல் ஒரு படம், வேலை நடக்கிற இடத்திலிருந்து. படம் ஏறவில்லை என்றால் மண் வெட்டியவர்களின் அன்றைய கூலியே கேள்விக்குறி. ஆகையால் எந்தச் சரிவில் எத்தனை மணிக்கு எந்த சிம் வேலை செய்யும் என்பது அவருக்கு மனப்பாடம். நான் பெருமையாக என் ஹாட்ஸ்பாட்டைக் கொடுத்தேன். என் ரவுட்டர் வேகமான அலையைத் தேடிப் பிடித்து அதிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. அவர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, அதைத் துண்டித்து, மூலைக்குப் போய்ப் போனைத் தலைக்கு மேல் பிடித்தார். ஏறிவிட்டது. "உங்க படத்தையும் இங்கயே கொண்டாந்து ஏத்திடுங்க சார்" என்றார். ரவுட்டரை நீள அலையிலேயே நிற்கும்படி பூட்டி வைத்தபின் எனக்கும் ஏறியது, மெதுவாக.

மலைக் கிராமங்களில் ரேஷன் கடை வாசலிலும் இதே கதைதான். விரல் வைக்கிற இயந்திரத்தைக் கடைக்காரர் கையில் ஏந்திக்கொண்டு வெளியே வந்து நிற்பார், வரிசை அவர் பின்னாலேயே நகரும். கொரோனாக் காலத்தில் பள்ளிப் பிள்ளைகள் பாறையிலும் மரத்திலும் ஏறி வகுப்பு கேட்ட படங்கள் பத்திரிகைகளில் வந்தன. நகரத்தில் அதை விடாமுயற்சி என்று பாராட்டினார்கள். எனக்கு அந்தப் பாராட்டைப் படிக்கவே கூச்சமாக இருந்தது. இத்தனைக்கும் கிராம ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழைக் கேபிள் கொண்டுபோகும் திட்டத்துக்கு மத்திய அரசு ஒப்புதல் கொடுத்தது 2011-ல். பிற்பாடு அதற்கு பாரத்நெட் என்று பெயர் வந்தது. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளுக்கும் இணைப்புக் கொடுக்க ஃபைபர்நெட் கழகம் அமைத்துக் கேபிளைப் பெரும்பாலும் மின்கம்பங்கள் வழியாகவே இழுக்கிறார்கள். சமவெளிக்குச் சரி. ஆடிக் காற்றில் மரம் சாய்கிற மலைப்பாதையில் கம்பத்தில் தொங்குகிற கேபிளின் ஆயுசைப் பற்றி எனக்கு நல்ல எண்ணம் இல்லை.

சனி, ஞாயிறு வந்தால் கதை வேறு. கோடை விழா சமயம் என்றால் கேட்கவே வேண்டாம். ஏற்காட்டின் ஒண்டிக்கடை ரவுண்டானாவில் கார்கள் மூச்சுத் திணறும்போது கோபுரங்களும் திணறுகின்றன. எண் நன்றாகவே காட்டும், மைனஸ் 90-க்குள்கூட. ஆனால் ஒன்றும் நகராது. ஏரியில் படகு விட்டுக்கொண்டே எல்லாரும் ரீல்ஸ் ஏற்றுகிறார்கள். சிக்னல் என்பது சாலை, அதில் எத்தனை வண்டி போகிறது என்பது தனிக் கணக்கு. இரவு பத்துக்கு மேல் கொஞ்சம் தெளியும். விடியற்காலை நாலரையிலிருந்து எட்டு வரைக்கும் மொத்த மலையும் உங்களுக்குத்தான்.

மலைக்கு வந்துபோகிற பஸ்ஸைப் பாருங்கள். நாளைக்கு நாலு நடைதான் என்றாலும் யாரும் அதைக் குறை சொல்வதில்லை. ஒன்பது மணி வண்டி ஒன்பதே காலுக்காவது வந்துவிட்டால் அதை நம்பிக் கல்யாணமே வைப்பார்கள். நெட்டிடமும் அவ்வளவுதான் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. எப்போதும் இருக்கிற இணைப்பைத் தேடி அலைவதை விட்டேன். இல்லாத நேரம் எது என்று தெரிந்துகொண்டேன். பகல் முழுவதும் வரைவது, இரவு கோப்புகளைச் சிறு துண்டுகளாகப் பிரித்து, பாதியில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும்படி வரிசையில் வைத்துவிட்டுப் படுப்பது. காலையில் காபி போடுவதற்குள் போயிருக்கும்.

இந்த ஏற்பாட்டைப் பதிப்பகத்தில் புரியவைப்பதுதான் சிரமமாக இருந்தது. சனிக்கிழமை பதினொரு மணிக்கு வீடியோ கூட்டம், எல்லாரும் கேமராவைத் திறந்து வைக்க வேண்டும் என்று செய்தி வந்தது. சனிக்கிழமை முடியாது, வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்கு என்றால் கேமரா, படம், குரல் எல்லாமே தெளிவாக வரும் என்று பதில் போட்டேன். "லைன் கிடைக்காத ஊருக்கெல்லாம் ஏன் சார் போறீங்க?" என்று வருத்தப்பட்டார்கள். வீட்டுக்கு வீடு ஃபைபர் வைத்திருக்கிற அவர்கள் யாராலும் ஆறரைக்கு எழுந்து வர முடியவில்லை. கூட்டம் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போயிற்று.