உளி பிடித்த கை

மரவேலையில் அளவு பிழைத்தால் மரம் மன்னிப்பதில்லை. பொருத்து ஒரு நூலளவு விலகினாலும் கதவு தாழ்ந்து தொங்கும். இழுப்பறை பாதி வழியில் இறுகி நிற்கும். இங்கிலாந்தின் வார்விக்‌ஷயர் வட்டாரத்தைச் சேர்ந்த டிரினா கல்லிவர் இத்தொழிலை முறையாகக் கற்றுத் தேர்ந்த தச்சர். 1969-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் பிறந்த இவ்வம்மையார், டார்ட்ஸ் எனப்படும் எறியம்பு ஆட்டத்தில் மகளிர் உலகப் பட்டத்தைப் பத்து முறை வென்றவர். வேறெந்தப் பெண்ணும் அந்த எண்ணிக்கையை எட்டியதில்லை.

தச்சுத் தொழில்தான் அவருக்கு அக்கைத்திறனை அளித்தது என்று கூறுதல் மிகையாகும். எனினும் உளி பிடித்த கையே அம்பையும் பிடித்தது என்பதில் ஒரு பொருத்தம் இருக்கத்தான் செய்கிறது.

டார்ட்ஸை மதுக்கடை மூலையில் பொழுது போக்குவோரின் விளையாட்டு என்று ஒதுக்கித் தள்ளுவோர் உண்டு. அது வளர்ந்த இடம் ஆங்கில நாட்டு மதுவிடுதிகளே என்பதும் உண்மைதான். ஆயினும் அதன் விதிகளைச் சற்றே கூர்ந்து நோக்குவோர் அவ்வளவு எளிதில் அதனைத் தள்ளிவிட மாட்டார். ஆடுபவர் நிற்கும் கோட்டிற்கும் பலகைக்கும் இடையே 2.37 மீட்டர் தொலைவு. பலகையின் மையம் தரையிலிருந்து 1.73 மீட்டர் உயரத்தில் இருக்கும். மும்மடங்குப் புள்ளி தரும் வளையத்தின் அகலம் 8 மில்லிமீட்டர். அது வளர்ந்தவரின் சுண்டுவிரல் அகலம்கூட இல்லை. மும்மடங்கு 20-இல் மூன்று அம்புகளையும் குத்தினால் 180 புள்ளிகள் கிட்டும். ஆனால் அந்த 20-க்கு ஒரு பக்கம் 1, மறு பக்கம் 5. கை சற்றே பிசகினால் பெரும்புள்ளி நழுவிச் சிறுபுள்ளியே மிஞ்சும். பலகையில் எண்களை இவ்வாறு அடுக்கியவர் மனித ஆசையை நன்கு அறிந்தவராக இருந்திருத்தல் வேண்டும்!

ஆட்டம் 501-இல் தொடங்கி, எறியுந்தோறும் குறைந்து, சரியாகச் சுழியில் முடிய வேண்டும். கடைசி அம்பு இரட்டிப்பு வளையத்திலோ நடுமையத்திலோ தைத்தாக வேண்டும். ஒரு புள்ளி மிகுந்தாலும் அம்முறை எடுத்த புள்ளிகள் அனைத்தும் வீணாகும். ஆகவே கையைப் போலவே கணக்கும் இங்கு வேண்டும். எஞ்சிய தொகையை 32 ஆக்கி நிறுத்தவே பலரும் விரும்புவர். இரட்டை 16-ஐக் குறிவைத்து அது தவறி ஒற்றை 16-இல் தைத்தால், அடுத்து இரட்டை 8. அதுவும் ஒற்றையாய்ப் போனால் இரட்டை 4. பின்னர் இரட்டை 2. தவறினாலும் வழி அடைபடாத எண் அது. எறிகின்ற நொடியில் இத்தனையும் மனத்தில் ஓட வேண்டும். கை மட்டும் நடுங்கலாகாது.

இத்தகைய ஆட்டத்தில் தோள்வலிமைக்கு என்ன வேலை? ஓட்டத்திலும் பளு தூக்குவதிலும் ஆண் பெண் என்று பிரிப்பதற்கு உடலைச் சான்று காட்டலாம். இங்கோ தொலைவு ஒன்று, உயரம் ஒன்று, பலகையும் ஒன்று. இருந்தும் ஆண்களுக்கான உலகப் பட்டப் போட்டி 1978-இல் தொடங்க, அதன் மகளிர் பிரிவு 2001-இல்தான் பிறந்தது. இடையில் கழிந்தவை 23 ஆண்டுகள். அவ்வாண்டுகளில் ஆட வல்ல பெண்கள் இல்லாமற் போயினர் என்பதற்கில்லை. 1970-களின் இறுதியிலேயே மொரீன் ஃபிளவர்ஸ் என்னும் ஆங்கிலப் பெண்மணி இவ்வாட்டத்தையே தொழிலாகக் கொண்டு பெயர் பெற்றிருந்தார். அவர் கை ஓங்கியிருந்த காலத்தில், ஏறி நிற்க உலகப் பட்ட மேடைதான் இல்லை.

கல்லிவர் நற்பேறு உடையவர். மேடை எழுந்தபோது அவருக்கு வயது 31. சரே மாவட்டத்தின் ஃபிரிம்லி கிரீனில் உள்ள லேக்சைடு அரங்கில், 2001-இல் மேண்டி சாலமன்ஸை வீழ்த்தி முதற்பட்டத்தைப் பெற்றார். அதன்பின் 2007 வரை ஆண்டு தவறாமல் ஏழு முறை அப்பட்டம் அவரிடமே தங்கியது.

ஆடுவோர் சிலரே இருந்தமையால் வென்றார் என்று இவ்வெற்றிகளைக் குறைத்துப் பேசுவோர் உளர். பரிசுத்தொகை சிறிது என்பதால் பெண்கள் இதனைத் தொழிலாகக் கொள்வதில்லை. கொள்வோர் சிலரே என்பதால் பரிசுத்தொகையும் உயர்வதில்லை. இந்தச் சுழலுக்குள் நின்று ஆடியவரையே அச்சுழலுக்குக் குற்றவாளி ஆக்குவது முறையன்று. மேலும் அப்போட்டியின் அமைப்பையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 2001-இல் ஆண்களின் இறுதிப் போட்டியில் வெல்ல ஆறு செட்டுகள் வேண்டியிருந்தன. பெண்களுக்கோ இரண்டே போதும். ஐந்து ஆட்டங்களில் மூன்றை வென்றால் ஒரு செட். அதாவது ஆறு ஆட்டங்களில் ஓராண்டின் முடிவு தீர்ந்துபோகும். நெடிய போட்டியில் வல்லவர் இடையில் தளர்ந்தாலும் மீண்டெழக் காலம் உண்டு. குறும்போட்டியில் இரண்டு தவறிய அம்புகள் பட்டத்தைப் பறித்துவிடும். பெண்களைக் குறைவாக மதித்த அவ்வமைப்பே வல்லவருக்குப் பெருந்தடையாயிற்று. அத்தடையை ஏழாண்டுகள் இடையறாது தாண்டியது எளிய செயலா?

அந்த ஏழாண்டுகளின் மறுபக்கத்தையும் காண வேண்டும். நெதர்லாந்து நாட்டு ஃபிரான்சிஸ் ஹூன்செலார் 2002, 2004, 2005, 2006, 2007 ஆகிய ஐந்தாண்டுகளிலும் இறுதிப் போட்டி வரை வந்தார். ஐந்து முறையும் எதிரே நின்றவர் கல்லிவரே. ஐந்து முறையும் தோல்வி. அவற்றுள் மூன்றில் ஒரு செட்கூட அவருக்குக் கிட்டவில்லை. கல்லிவர் என்றொருவர் இல்லாதிருந்தால் ஹூன்செலாரின் பெயரே ஒரு காலத்தின் பெயராக நின்றிருக்கும். ஒருவர் வாகை சூடுகையில் அவர் நிழலில் நிற்பவரின் கதையை யாரும் எழுதுவதில்லை. ஆனால் வென்றவரின் உயரத்தை அளக்க அந்த நிழலன்றி வேறு கோல் ஏது?

2008-இல் ரஷ்ய நாட்டு அனஸ்தாசியா தோப்ரோமிஸ்லோவா இறுதிப் போட்டியில் கல்லிவரை வென்று அத்தொடரை முடித்துவைத்தார். மறு ஆண்டு கல்லிவர் மீண்டும் இறுதிக்கு வந்தார். எதிரே ஹூன்செலார். இம்முறை இரண்டுக்கு ஒன்று என்ற செட் கணக்கில் பட்டம் ஹூன்செலாருக்குச் சென்றது. ஐந்து தோல்விகளுக்குப் பின் கிட்டிய வெற்றி, அதுவும் தம்மை ஐந்து முறை தோற்கடித்தவரையே வீழ்த்திப் பெற்ற வெற்றி. டார்ட்ஸ் வரலாற்றில் அதற்கு ஈடான நிறைவு அரிது.

அடுத்தடுத்து இருமுறை இறுதியில் தோற்ற நாற்பது வயதுப் பெண்மணி அதனுடன் விலகியிருந்தால் யாரும் வியந்திருக்க மாட்டார். கல்லிவர் விலகவில்லை. 2010-இலும் 2011-இலும் வேல்ஸ் நாட்டு ரியன் எட்வர்ட்ஸை வென்று பட்டங்களை ஒன்பதாக்கினார். 2013-இல் பிரிட்டிஷ் அரசின் எம்.பி.இ. விருது அவருக்கு வழங்கப்பட்டது. இளையோர் பலர் மேலெழுந்தனர். லிசா ஆஷ்டன் 2014, 2015 ஆகிய இரண்டாண்டுகளும் பட்டத்தைக் கைக்கொண்டார். கல்லிவரின் காலம் முடிந்தது என்றே பலரும் எண்ணியிருப்பர். ஆனால் 2016-இல், தம் 46-ஆம் வயதில், அவர் மீண்டும் இறுதிப் போட்டியில் நின்றார்.

எதிரே நின்றவர் டெட்டா ஹெட்மன். ஜமைக்காவில் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்தவர். அஞ்சல் பணியில் உழைத்துக்கொண்டே ஆட்டத்தையும் விடாது பேணியவர். 2012-இலும் 2014-இலும் இறுதி வரை வந்து பட்டத்தை இழந்தவர். போட்டியின் நீளம் அப்போது கூடியிருந்தது. மூன்று செட்டுகள் வேண்டும். இருவரும் ஆளுக்கு இரண்டு செட்டுகள் எடுத்தபின் ஐந்தாவது செட்டில் கல்லிவர் வென்றார். அவருக்குப் பத்தாவது பட்டம்; ஹெட்மனுக்கு மூன்றாவது ஏமாற்றம். பத்தாவது பட்டத்தைப் போற்றும் வாய் ஹெட்மனின் பெயரையும் ஒருமுறை சொல்லுதல் தகும்.

பின்னர் காட்சி மாறியது. லண்டன் அலெக்சாண்ட்ரா அரண்மனையில் நடைபெறும் மற்றொரு உலகப் போட்டியில், 2019 டிசம்பரில் ஃபாலன் ஷெராக் என்னும் இளம்பெண் டெட் எவெட்ஸ் என்ற ஆடவரை முதற்சுற்றில் வென்றார். அடுத்த சுற்றில் ஆஸ்திரிய நாட்டு மென்சூர் சுல்யோவிச்சையும் வென்று, மூன்றாம் சுற்றில் தோற்றார். அப்போட்டியில் ஆடவர் ஒருவரை ஒரு பெண் வென்றது அதுவே முதன்முறை. உலகமே வியந்ததாகச் செய்தித்தாள்கள் எழுதின. பலகையையும் தொலைவையும் அறிந்தவர்க்கு வியப்பு அதில் இல்லை. அது நிகழ 2019 வரை ஆயிற்றே என்பதில்தான்.

லேக்சைடு மேடையில் 2022-இல் பதினெட்டு வயதில் பட்டம் வென்ற போ கிரீவ்ஸ், அதனை அடுத்த இரு போட்டிகளிலும் காத்துக்கொண்டார். கல்லிவரின் பத்தை எட்ட அவருக்கு இன்னும் ஏழு வேண்டும். ஆனால் ஆடவரோடு கலந்து ஆடும் களங்கள் திறந்துவிட்ட இக்காலத்தில், மகளிர் பட்டம் ஒன்றையே ஆண்டுக்கு ஆண்டு காத்து நிற்க வல்லார் எவரும் விரும்புவரா என்பது ஐயமே.