வாசலுக்கு சிமெண்ட் போடலாமா?

தேவிகுளம்னா இங்கே இங்கிலாந்தில் இருக்கிற நம்ம ஆட்களுக்கே தெரியாது. மூணாறுன்னா உடனே புரியும். தாலுகா எங்க பேர்லதான் மக்களே, பேரு மட்டும் மூணாறுக்குப் போயிடுச்சு :-)

எங்க பக்கம் வெள்ளம்னாலே 1924தான் பேச்சு. கொல்லம் ஆண்டு 1099 என்பதால் 'தொண்ணூத்தொன்பது வெள்ளம்'. குண்டளை ரயில் பாதையையே அடிச்சுக்கிட்டுப் போச்சு. 2018 ஆகஸ்டில் பழைய மூணாறு மூழ்கியது. 2020இல் பெட்டிமுடியில் 70 உயிர் போனது நிலச்சரிவில். அது வேற கணக்கு, இதோடு சேர்க்க மனசு வரலை.

ஆனா வீட்டுக்குள்ளே தண்ணி வர ஆறே தேவையில்லை. 2007 ஜூனில் இங்கே ஹல் நகரத்தில் ஆயிரக்கணக்கான வீடுகளில் தண்ணி புகுந்தது, பெரும்பாலும் ஆத்துத் தண்ணி இல்லை. பெய்த மழையை வடிகால் வாங்கலை, அவ்வளவுதான். அடுத்த வருஷம் அக்டோபரில் சட்டம் வந்தது: வீட்டு முன்புறம் 5 சதுர மீட்டருக்கு மேல் தண்ணி இறங்காத தளம் போட்டு, அந்தத் தண்ணியைத் தெருவுக்குத் தள்ளினா அனுமதி வாங்கணும்.

போன மாசம் தம்பி போன் பண்ணினான். "அண்ணே, வாசல் ஒரே சேறு. மொத்தமா சிமெண்ட் போட்டுடலாம், பணம் அனுப்புங்க."

நான் பி.காம், இன்ஜினியர் இல்லை. ஆனா இந்தக் கணக்கு சுலபம். 1 சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தா 1 லிட்டர். எங்க வாசல் 50 சதுர மீட்டர். 100 மில்லிமீட்டர் பெய்தா 5,000 லிட்டர். மண்ணுன்னா கொஞ்சம் குடிக்கும், மிச்சத்தை மெதுவா விடும். சிமெண்ட்னா வந்த வேகத்தில் அத்தனையும் சரிவில் இறங்கும். கீழே இருக்கிறது எஸ்டேட்டில் ரிட்டயர் ஆன வயசான தம்பதி வீடு, பின்சுவர் மண்சுவர்.

அப்பா காலத்தில் தேயிலைக் காட்டில் கான் வெட்டுறதே தனி வேலை. சரிவுக்குக் குறுக்கே வெட்டி, நடுநடுவே மண் தங்கக் குழி விட்டு, மழைக்கு முன்னாடியே தூர் வாரிடுவாங்க. எங்க தெருக் கானில் இப்போ பிளாஸ்டிக் பாட்டில்தான்.

"கல்லு பாவி இடுக்கு விடு, ஓரமா கான் வெட்டு, அதுக்குத்தான் பணம்"னு சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம்தான் சொன்னான், மேலே பெரியப்பா வீட்டில் ரெண்டு வருஷம் முன்னாடியே வாசல் முழுக்க சிமெண்ட் போட்டாச்சாம். நம்ம வாசல் சேறு அங்கிருந்து வர்ற தண்ணிதான்.

பெரியப்பாகிட்ட யார் பேசறதுன்னு இன்னும் முடிவாகலை. ஜூன் பிறந்தா மழை.