மணிக்கூடும் நாமும்



டென்மார்க்குக்கு வந்து சேரும் எவருக்கும் முதலில் விளங்குவது நேரத்தின் அருமை. பேருந்துக்கு ஒரு நிமிடம் பிந்தினால் அடுத்ததற்குக் குளிரில் காத்து நிற்க வேண்டும். ஊரில் கலியாணத்துக்கும் திருவிழாவுக்கும் மட்டும் மணிக்கூடு கட்டியவர்களும் இங்கே அதைக் கழற்றுவதில்லை. இப்போதைய மணிக்கூடோ நேரம் காட்டுவதோடு நிற்பதில்லை. எத்தனை அடி நடந்தோம், எவ்வளவு நேரம் நித்திரை கொண்டோம், நெஞ்சு எத்தனை தடவை துடித்தது என்றெல்லாம் கணக்கு வைக்கிறது. பிள்ளைகள் அதை 'ஸ்மார்ட்வாட்ச்' என்கிறார்கள்.

எங்கள் வீட்டுக்கு அது வந்தது அப்பாவுக்காக. அவருக்கு நீரிழிவும் பிரஷரும் உண்டு. எம்மவர்களுக்கு இந்நோய்கள் ஐரோப்பியரை விட இளவயதிலேயே வருகின்றன என்பது மருத்துவ உலகம் அறிந்த விடயம். மார்கழியில் பின்னேரம் நான்கு மணிக்கு முன்பே இருட்டிவிடும் இந்நாட்டில் வெளியே நடக்க மனம் வராது. மணிக்கூடு கையில் ஏறிய பின் அப்பா நடந்தார். "இன்னும் ஆயிரம் அடி கிடக்கு" என்று வீட்டுக்குள்ளேயே சுற்றி வந்த நாட்களும் உண்டு.

நாளுக்கு 10,000 அடி என்ற இந்தக் கணக்கு வைத்தியர்கள் வகுத்ததல்ல. 1964 தோக்கியோ ஒலிம்பிக் முடிந்த மறுவருடம், யப்பானிய நிறுவனம் ஒன்று அடி எண்ணும் கருவிக்குப் 'பத்தாயிரம் அடி அளவி' என்று பெயர் சூட்டி விற்றது. அந்தப் பெயரே பின்னர் உலகத்தின் கணக்காகிவிட்டது. 2019இல் அமெரிக்காவில் வயதான பெண்களிடையே நடந்த ஆய்வில், நாளுக்குச் சுமார் 2,700 அடி நடந்தவர்களை விட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு குறைவாக இருந்தது. 7,500க்கு மேல் நடந்தவர்களிடம் அந்த நன்மை மேலும் கூடவில்லை. எனவே கணக்கு முடியவில்லையே என்று முதியவர்கள் கவலைப்படத் தேவையில்லை.

கடந்த மாரியில் ஓரிரவு அப்பாவுக்கு நெஞ்சு இறுக்கிப் பிடித்தது. வியர்த்துக் கொட்டியது. அவரோ மணிக்கூட்டில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "இதிலை ஒண்டும் காட்டேல்லை. நீர் பேசாமல் படும்" என்றார். அம்மா கேட்டது ஒரே கேள்வி: "உங்கட மணிக்கூட்டுக்கு நெஞ்சு நோகுமோ?" உடனே 112ஐ அழைத்தோம். அன்றிரவே வைத்தியசாலையில் அடைபட்டிருந்த இரத்தக்குழாயைத் திறந்தார்கள்.

மணிக்கூடு பொய் சொல்லவில்லை. அது பச்சை ஒளியைத் தோலுக்குள் அனுப்பி, இரத்தம் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்பதைக் கொண்டு துடிப்பை எண்ணுகிறது. சிலவற்றில் இருதயத்தின் மின்னோட்டத்தையும் பார்க்கலாம். ஆனால் அது ஒரு கோணத்துப் பார்வை. வைத்தியசாலையில் பன்னிரண்டு கோணங்களில் பார்க்கிறார்கள். துடிப்பின் ஒழுங்கு கெடுவதை மணிக்கூடு கண்டுபிடிக்கலாம். குழாய் அடைபடுவதை, அதாவது மாரடைப்பை, அதனால் கண்டுபிடிக்க முடியாது. அதைச் செய்த நிறுவனங்களே இதைச் சொல்கின்றன.

ஊசி குத்தாமலே இரத்தத்தின் சீனியை அளக்கும் என்று மலிவாக விற்கும் மணிக்கூடுகளையும் நம்பவேண்டாம். அப்படி அளக்கும் எந்த மணிக்கூட்டையும் தாம் அங்கீகரிக்கவில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2024 மாசியில் எச்சரித்தது. பிழையான அளவை நம்பி இன்சுலின் ஏற்றினால் உயிருக்கே ஆபத்து.

பிள்ளைகளுக்கு வாங்கும்போது இன்னொரு யோசனையும் வேண்டும். 2017இல் நோர்வே நுகர்வோர் சபை சிறுவர் மணிக்கூடுகள் சிலவற்றைச் சோதித்தது. அந்நியர்கள் அவற்றினுள் புகுந்து பிள்ளை நிற்கும் இடத்தை அறியலாம் என்று கண்டது. ஜேர்மனி அவ்வருடமே ஒட்டுக்கேட்கும் வசதியுள்ள சிறுவர் மணிக்கூடுகளைத் தடைசெய்தது. நாம் எங்கே நிற்கிறோம் என்பது வேண்டாதவர்களுக்குத் தெரிந்தால் என்ன நடக்கும் என்பதை ஊரிலேயே படித்துவிட்டு வந்தவர்கள் நாங்கள். எமக்கு இதை எவரும் விளக்கத் தேவையில்லை.

இதற்காக மணிக்கூட்டைக் கழற்றி எறியச் சொல்லவில்லை. அப்பா இன்றும் கட்டுகிறார், இன்றும் நடக்கிறார். தனியே வாழும் முதியவர்கள் விழுந்து எழும்ப முடியாமற் கிடந்தால், சில மணிக்கூடுகள் தாமே உதவிக்கு அழைக்கும். ஆனால் பலவற்றுக்குக் கைத்தொலைபேசியும் அருகில் இருக்கவேண்டும். உங்கள் மருந்துகளின் பெயரையும் ஒவ்வாமைகளையும் பிள்ளைகளைக் கொண்டு டெனிஸ் மொழியில் அதில் பதிந்து வையுங்கள். பாஷை வராத வேளையில் அது உங்களுக்காகப் பேசும்.

நெஞ்சு நொந்தால் மட்டும் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். 112ஐ அழையுங்கள். டெனிஸ் சரளமாக வராவிட்டாலும் பரவாயில்லை. விலாசத்தையும் 'பிறிஸ்ற்' என்ற ஒரு சொல்லையும் சொன்னால் போதும். டெனிஸில் அதுதான் நெஞ்சு.