சாவி யார் கையில்?

(இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. கணிதம்)

எங்கள் கோவில்பதாகையில் அடுத்த தெருக் கடைக்குப் போவதானாலும் கதவைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார்கள். அத்தகைய நாம் கணிப்பொறியின் கதவை மட்டும் திறந்து போட்டுவிட்டு வருவதேன்?

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். ஆகவே, வீட்டாருக்கும் அண்டை அயலாருக்கும் விண்ணப்பம் நிரப்பும் எழுத்தர் வேலை என்னுடையதாயிற்று. வீட்டில் கணிப்பொறி இல்லை; பிரவுசிங் சென்டரே கதி.

சென்ற ஆண்டு அப்படியொரு கடையில் உலாவியைத் திறந்து, கல்வி உதவித்தொகைப் பக்கத்திற்குப் போனேன். நான் ஓர் எழுத்தும் தட்டுமுன், யாரோ ஒரு மாணவியின் பெயரும், புள்ளிகளால் மறைந்த கடவுச்சொல்லும் கட்டங்களில் தாமே வந்து அமர்ந்தன. ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். அவருடைய விண்ணப்பம் முழுவதும் விரிந்துவிடும்.

கடைக்கார அண்ணனிடம் சொன்னேன். "தினமும் எத்தனையோ பேர் வர்றாங்க தம்பி, யார் அதைப் பார்க்கப் போறாங்க?" என்றார். பார்த்தவன் நானே எதிரில் நிற்கிறேனே! அவர் சம்மதத்தோடு அதை அழித்துவிட்டு வந்தேன். அந்த விண்ணப்பத்தில் ஓர் எண்ணை எவரேனும் மாற்றியிருந்தால், ஒரு மாணவியின் ஓராண்டுப் படிப்பு என்னவாகியிருக்கும்?

இது புதிய சங்கடமன்று. ஒரே கணிப்பொறியைப் பலர் பகிர்ந்துகொள்ளும் முறையை, அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் கோர்படோ குழுவினர் 1961இல் செய்து காட்டினர். அவரவர் கோப்பைக் காக்கக் கடவுச்சொல்லும் வந்தது. ஆனால் 1966இல் இரு கோப்புகள் இடம் மாறியதால், நுழைந்தவர்களுக்கெல்லாம் வரவேற்புச் செய்திக்குப் பதிலாக எல்லாருடைய கடவுச்சொற்களும் அச்சாகி வந்தன!

இன்றோ உலாவி நம்மிடம் அனுமதி கேட்டுத்தான் சேமிக்கிறது. அவசரத்தில் 'சரி' என்று அழுத்திவிட்டால், சாவி அடுத்து அமர்பவர் கைக்குப் போய்விடுகிறது. சொந்தக் கணிப்பொறி உள்ளவர்கள் ஃபயர்பாக்ஸில் 'முதன்மைக் கடவுச்சொல்' ஒன்றை அமைக்கலாம். உலாவியைத் திறந்தபின், சேமித்தவற்றை முதன்முறை எடுக்கும்போது அது கேட்கும். தெரியாதவருக்குக் கட்டம் வெறுமையாகவே இருக்கும். கடைக்குப் போகும் நம்மைப் போன்றோர் குரோமின் மறைநிலைச் சாளரத்தைத் திறந்து, வேலை முடிந்ததும் வெளியேறி, எல்லாச் சாளரங்களையும் மூடிவிட வேண்டும். விசைகளைத் திருட்டுத்தனமாகக் குறித்துக்கொள்ளும் நிரல்களை இதுவும் தடுக்காது. எனவே பிறகு நம் கைப்பேசியில் கடவுச்சொல்லை மாற்றிவிடுவதே நலம்.

பிறர் கடவுச்சொல்லை மோசடியாகப் பயன்படுத்தினால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆயினும் தண்டனை, களவு நடந்த பின்னர் வருவது. காவல் முன்னரே வேண்டுவது.

நண்பர்களே, எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோர் நம்மை நம்பி ஆதார் எண்ணையும் ஓடிபியையும் சொல்கிறார்கள். அந்த நம்பிக்கைக்கு நாமே காவலர். முதலாமாண்டில் சேரும் தம்பி தங்கையருக்கு விண்ணப்பம் நிரப்பக் கற்றுத்தரும்போது, 'சேமிக்க வேண்டாம்' என்னும் பொத்தான் எங்கிருக்கிறது என்பதையும் சேர்த்தே காட்டுவோம்.